நடுவழியில் நிற்கும் ரயில்: தாமதம் எங்கே பிறக்கிறது, எப்படி வளர்கிறது?

இரவில் விழிப்புத் தட்டுகிறது. ரயில் நின்றுகொண்டிருக்கிறது. ஸ்டேஷன் இல்லை, விளக்கு இல்லை, ஆள் நடமாட்டம் இல்லை. 10 நிமிடம் போகிறது, 20 நிமிடம் போகிறது. எதிர் பெர்த்தில் இருப்பவர் "டிரைவர் தூங்கிட்டார் போல" என்கிறார். இன்னொருவர் இன்ஜினைக் குறை சொல்கிறார். மூன்றாமவர் மொத்த நிர்வாகத்தையும் திட்டுகிறார். அப்புறம் பக்கத்துத் தண்டவாளத்தில் நீளமான சரக்கு ரயில் ஒன்று தடதடவென்று கடந்து போகிறது. ஒரு நிமிடம் கழித்து நம் ரயிலும் மெல்ல அசைகிறது.

இந்தப் பேச்சைப் பல பயணங்களில் கேட்டிருக்கிறேன். ஒரு விஷயம் எனக்கு ஒவ்வொரு முறையும் உறுத்தும்: காரணத்தை எல்லாரும் தாங்கள் உட்கார்ந்திருக்கும் ரயிலுக்குள்ளேயே தேடுகிறார்கள். பெரும்பாலும் அது அங்கே இருப்பதில்லை. முன்னால் போகும் ரயிலில் இருக்கும், எதிரே வரும் ரயிலில் இருக்கும், எல்லா ரயில்களையும் சுமக்கும் தண்டவாளத்தில் இடம் மிச்சம் இல்லாததில் இருக்கும். ரயில்வே பற்றி எதுவுமே தெரியாதவரும் புரிந்துகொள்ளும்படி, இதை அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

ரயிலால் ஒதுங்க முடியாது

சாலையில் முன்னால் போகும் லாரி மெதுவாகப் போனால் ஸ்டியரிங்கைத் திருப்பி முந்திவிடலாம். ரயிலில் ஸ்டியரிங்கே இல்லை. எந்தப் பக்கம் போவது என்பதைத் தண்டவாளம்தான் முடிவு செய்கிறது.

ஒருவர் மட்டுமே ஏறக்கூடிய குறுகலான மாடிப்படியை நினைத்துக்கொள்ளுங்கள். கனமான மூட்டையுடன் ஒருவர் மெதுவாக ஏறுகிறார். பின்னால் வருபவர் எவ்வளவு திடகாத்திரமாக இருந்தாலும் மூட்டைக்காரரின் வேகத்தில்தான் ஏற வேண்டும். மேலிருந்து ஒருவர் இறங்கி வந்தால் இன்னும் சிக்கல். படி திரும்பும் இடத்தில் உள்ள சின்ன மேடையில் யாராவது ஒதுங்கி நின்றால்தான் மற்றவர் போக முடியும்.

ரயில் பாதையிலும் அப்படி மேடைகள் உண்டு. முக்கியத் தண்டவாளத்திலிருந்து பிரிந்து, கொஞ்ச தூரம் பக்கவாட்டில் ஓடி, மறுபடி அதிலேயே சேரும் தண்டவாளத்துக்கு லூப் லைன் என்று பெயர். ஒரு ரயில் அதில் ஒதுங்கி நிற்க, இன்னொன்று தாண்டிப் போகும். லூப் லைன்கள் சில கிலோமீட்டருக்கு ஒன்று, சில இடங்களில் பல கிலோமீட்டருக்கு ஒன்று என்றுதான் இருக்கும். நினைத்த இடத்தில் ஒதுங்க வழி இல்லை.

இரண்டு ரயிலுக்கு நடுவில் எவ்வளவு இடம் வேண்டும்?

100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரில் பிரேக்கை அழுத்தினால் சுமார் 50 மீட்டரில் நின்றுவிடும். அதே வேகத்தில் போகும் பயணிகள் ரயில் வழக்கமான பிரேக்கில் நிற்க ஏறக்குறைய 1 கிலோமீட்டர் ஆகும். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் அதிகத் தடையில்லாமல் உருண்டு போவதால்தான் ரயில் குறைந்த ஆற்றலில் இவ்வளவு பாரத்தை இழுக்கிறது. ஆனால் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் பிடிப்பு குறைவு, நிறுத்தும்போது அது எதிராக வேலை செய்கிறது. தடங்கல் கண்ணில் பட்ட பிறகு பிரேக் பிடித்தால், பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

அதனால் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் பிளாக் என்று பெயர். விதி எளிமையானது: ஒரு பிளாக்கில் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான். முன்னால் போகும் ரயிலின் கடைசிப் பெட்டி பிளாக்கை விட்டு முழுக்க வெளியேறும் வரை அடுத்த ரயிலுக்குச் சிவப்பு சிக்னல். நடுக்காட்டில் உங்கள் ரயில் நிற்கிறது என்றால், முன்னால் உள்ள பிளாக் காலியாகவில்லை என்பதே பெரும்பாலான நேரங்களில் காரணம். அங்கே நிறுத்தியது டிரைவரின் பொறுப்புணர்ச்சி. அதற்குப் போய் அவரைத் திட்டுகிறோமே என்று எனக்கு வருத்தமாக இருக்கும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: ரயிலால் ஒதுங்க முடியாது, சட்டென்று நிற்கவும் முடியாது. எனவே ஒவ்வொரு ரயிலும் தனக்கு முன்னால் பெரிய வெற்றிடத்தைத் தள்ளிக்கொண்டே ஓடுகிறது. ஒரு பாதையில் எத்தனை ரயில்கள் ஓடலாம் என்பதை முடிவு செய்வது இந்த வெற்றிடங்கள்தான்.

வேகமான ரயிலும் மெதுவான ரயிலும் ஒரே பாதையில்

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 100 கிலோமீட்டர் நீளப் பாதை. நடுவில் லூப் லைன் இல்லை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ரயிலுக்கு நடுவில் குறைந்தது 10 நிமிட இடைவெளி வேண்டும். எல்லா ரயிலும் ஒரே வேகத்தில் போனால் 8:00, 8:10, 8:20 என்று வரிசையாக அனுப்பிக்கொண்டே இருக்கலாம்.

இப்போது 8:00 மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சரக்கு ரயில் கிளம்புகிறது. மறுமுனைக்கு 10:00 மணிக்குப் போய்ச் சேரும். அதன் பின்னால் 100 கிலோமீட்டர் வேக எக்ஸ்பிரஸை எப்போது அனுப்பலாம்? எக்ஸ்பிரஸுக்கு 1 மணி நேரம் போதும். ஆனால் 10:10-க்கு முன்னால் அது மறுமுனையைத் தொடக் கூடாது. ஆக, 9:10-க்குத்தான் கிளம்ப முடியும். 8:10 முதல் 9:00 வரை ஒரே வேகத்தில் 6 ரயில்கள் போயிருக்கக்கூடிய இடத்தை, வேக வித்தியாசம் ஒன்றே விழுங்கிவிட்டது.

ரயிலின் வேகத்தைக் கூட்டினால் தாமதம் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். சில ரயில்களின் வேகத்தை மட்டும் கூட்டினால் வித்தியாசம் அதிகமாகி, அதே பாதையில் ஓடக்கூடிய ரயில்களின் எண்ணிக்கை குறையும். எக்ஸ்பிரஸ் 100-லிருந்து 130-க்குப் போக, சரக்கு ரயில் 50-லேயே இருந்தால், சரக்கு ரயில் இன்னும் அதிக முறை ஒதுங்க வேண்டும். பல ஆயிரம் டன் எடையுள்ள ரயில் ஒரு முறை நின்றால், மறுபடி வேகம் பிடிக்கவே பல நிமிடங்கள் ஆகும். அந்த நிமிடங்களில் அது தனக்குப் பின்னால் வரும் எல்லாரையும் பிடித்து வைக்கிறது.

லூப் லைனின் நீளமும் முக்கியம். கனடாவில் டொரண்டோவிலிருந்து வான்கூவருக்கு 4,466 கிலோமீட்டர் ஓடும் 'கனடியன்' ரயில், பெரும்பாலும் ஒரு சரக்கு நிறுவனத்தின் பாதையில் ஓடுகிறது. நீண்ட தூரத்துக்கு அது ஒற்றைப் பாதை. அங்குள்ள சரக்கு ரயில்கள் பல லூப் லைன்களைவிட நீளமானவை. நீளமான ரயிலால் ஒதுங்க முடியாது என்பதால், நுழைய முடிந்த பயணிகள் ரயில்தான் ஒதுங்குகிறது. அமெரிக்காவில் சட்டமே வேறு: சரக்கு ரயிலைவிடப் பயணிகள் ரயிலுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று 1973 முதல் இருக்கிறது. ஆனால் அங்கும் தேசியப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக் தன் பெரும்பாலான தூரத்தை சரக்கு நிறுவனங்களின் தண்டவாளத்தில்தான் ஓடுகிறது. 2 கிலோமீட்டர் நீள சரக்கு ரயிலை 1 கிலோமீட்டர் லூப்பில் சட்டத்தால் நிறுத்த முடியாது.

ஒற்றைப் பாதையும் கிராசிங்கும்

இரண்டு திசை ரயில்களும் ஒரே தண்டவாளத்தில் ஓடினால் அது ஒற்றைப் பாதை. எதிரெதிரே வரும் இரண்டு ரயில்கள் லூப் லைன் உள்ள ஓர் இடத்தில் ஒன்றையொன்று தாண்டுவதற்குக் கிராசிங் என்று பெயர்.

ஒற்றைப் பாதையில் தாமதம் திசை மாறியும் தாவும். வடக்கே போகும் ரயில் 20 நிமிடம் தாமதம் என்றால், தெற்கே போகும் ரயில் சரியான நேரத்துக்கு வந்திருந்தாலும் அதற்காகக் காத்து நிற்க வேண்டும். இரட்டைப் பாதையில் எதிர்த்திசை ரயிலுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

பிறந்த தாமதம், ஒட்டிக்கொண்ட தாமதம்

இங்கேதான் விஷயத்தின் மையம் இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு ரயில் தானே இழக்கும் நேரம் முதன்மைத் தாமதம். இன்ஜின் கோளாறு, யாரோ அபாயச் சங்கிலியை இழுத்தது, ஸ்டேஷனில் ஏற இறங்க அதிக நேரம் பிடித்தது, சிக்னல் வேலை செய்யாதது எல்லாம் இந்த வகை. அந்த ரயிலால் மற்ற ரயில்கள் இழக்கும் நேரம் தொற்றுத் தாமதம். நெரிசலான பாதைகளில் முதன்மைத் தாமதத்தைவிடத் தொற்றுத் தாமதம் பெரிதாக வளர்ந்துவிடும். பெட்டிக்குள் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இது புரியாமல் போவது இயல்புதான். காரணமான சம்பவம் 3 மணி நேரத்துக்கு முன்னால், 100 கிலோமீட்டருக்கு அப்பால், வேறொரு ரயிலுக்கு நடந்து முடிந்திருக்கும்.

தொற்று எவ்வளவு தூரம் பரவும் என்பது பாதையில் மிச்சமிருக்கும் காலியிடத்தைப் பொறுத்தது. ஒரு மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கியவர்களை நினைத்துப் பாருங்கள். 15 நிமிடத்துக்கு ஒருவர், ஒவ்வொருவருக்கும் 8 நிமிடம் போதும் என்றால், ஒருவர் 14 நிமிடம் எடுத்தாலும் அடுத்தவருக்குப் பாதிப்பில்லை. 8 நிமிடத்துக்கு ஒருவர் என்று நேரம் கொடுத்திருந்தால், முதல் ஆளின் 6 நிமிடம் கடைசி ஆள் வரை அப்படியே போகும். அதோடு நடுவில் வேறு யாராவது இழுத்தால் அதுவும் சேரும்.

வரிசையில் காத்திருப்பதைப் பற்றிய எளிய கணிதம் ஒன்று இருக்கிறது. ஆட்கள் ஒழுங்கான இடைவெளி இல்லாமல் முன்பின்னாக வரும் வரிசையில், மருத்துவருக்குப் பாதி நேரம் மட்டும் வேலை இருக்கும்போது சராசரிக் காத்திருப்பு 1 பங்கு என்று வைத்துக்கொண்டால், 80 சதவீத நேரம் வேலை இருக்கும்போது அது 4 பங்கு. 90 சதவீதத்தில் 9 பங்கு. 95 சதவீதத்தில் 19 பங்கு. ரயில்கள் அட்டவணைப்படி ஓடுவதால் இந்த எண்கள் அப்படியே பொருந்தாது, ஆனால் போக்கு இதுதான். பாதை நிரம்ப நிரம்பக் காத்திருப்பு சீராக ஏறுவதில்லை, கடைசியில் செங்குத்தாக ஏறுகிறது. சர்வதேச ரயில்வே ஒன்றியம் 2004-இல் தந்த வழிகாட்டுதலில், பலவகை ரயில்கள் கலந்து ஓடும் பாதையை நெரிசல் நேரத்தில் 75 சதவீதத்துக்கு மேலும், முழு நாள் கணக்கில் 60 சதவீதத்துக்கு மேலும் நிரப்ப வேண்டாம் என்று சொல்லியிருப்பது இதனால்தான். மேலோட்டமாகப் பார்த்தால் 40 சதவீதம் வீணாவது போலத் தோன்றும். தாமதத்தை விழுங்கிக்கொள்ளும் இடம் அந்த 40 சதவீதம்தான்.

"கூட்டம் அதிகமாக இருக்கிறதே, இன்னும் ரெண்டு ரயில் விடக்கூடாதா?" என்று கேட்கும்போது நாம் கேட்பது, அந்தக் காலியிடத்திலிருந்து எடுத்துத் தரச் சொல்லித்தான். கேட்பது நியாயமான கோரிக்கை. ஆனால் அதன் விலை நேரந்தவறாமையில் போய் விழும்.

இடம் தவறினால் இடம் போச்சு

அட்டவணையில் ஒவ்வொரு ரயிலுக்கும் ஒவ்வொரு இடத்திலும் இன்ன நேரம் என்று ஒதுக்கியிருப்பார்கள். இதை அதன் வழி என்று சொல்வோம். கிடைமட்டத்தில் நேரமும் செங்குத்தில் தூரமும் வைத்து, ஒவ்வொரு ரயிலையும் ஒரு சாய்கோடாக வரைவது 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கும் முறை. நெரிசலான பாதையின் வரைபடத்தைப் பார்த்தால் நெருக்கமாக நெய்த துணி போல இருக்கும். எந்த இழையையும் கொஞ்சம் நகர்த்தினால் இன்னொன்றில் இடிக்கும்.

ஒரு ரயில் 12 நிமிடம் தாமதமாக ஜங்ஷனுக்கு வருகிறது என்று கற்பனை செய்வோம். அதன் வழி கடந்து போய்விட்டது, அதன் இடத்தில் அடுத்த ரயில் ஏறிவிட்டது. காலியாக உள்ள அடுத்த வழி 25 நிமிடம் கழித்து, அதுவும் ஒரு மெதுவான ரயிலின் பின்னால். 12 நிமிடத் தாமதம் அடுத்த பெரிய ஸ்டேஷனில் 45 நிமிடமாகத் தெரியும். இந்த ரயிலில் புதிதாக எந்தக் கோளாறும் வரவில்லை.

இந்த முடிவுகளை எடுப்பவர் கண்ட்ரோலர், ஒரு பகுதியின் எல்லா ரயில் ஓட்டத்தையும் பார்த்து யார் முதலில் என்று சொல்பவர். ஏற்கெனவே தாமதமான ஒரு ரயிலை முன்னால் விட்டு, சரியான நேரத்தில் ஓடும் 5 ரயில்களைக் கெடுப்பதா, அதை மட்டும் இன்னும் கொஞ்சம் நிறுத்துவதா? பல நேரங்களில் இரண்டாவதே சரி. நின்ற ரயிலில் இருப்பவருக்கு அது அநியாயமாகத் தெரியும். மொத்தக் கணக்கில் இழப்பு குறைவு.

சுருக்கமாகச் சொன்னால்: சின்னத் தாமதம், காலியிடம் இல்லாத பாதையில், தன் வழியை இழந்து பெரிய தாமதமாகிறது. பிறகு அதே பாதையில் ஓடும் மற்ற ரயில்களையும் தொற்றுகிறது.

கண்ணில் படாத சின்ன இழப்புகள்

தண்டவாள வேலை நடக்கும் இடங்களில் தற்காலிகமாக வேகத்தைக் குறைக்கச் சொல்வார்கள். 2 கிலோமீட்டருக்கு 30 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். ரயிலின் நீளம் 600 மீட்டர் என்றால், கடைசிப் பெட்டி தாண்டும் வரை மொத்தம் 2.6 கிலோமீட்டருக்கு மெதுவாகவே போக வேண்டும். 100 கிலோமீட்டர் வேகத்தில் 1.5 நிமிடம் ஆகும் தூரத்துக்கு 5 நிமிடத்துக்கும் மேல் ஆகும். முன்னால் வேகம் குறைக்கவும் பின்னால் பிடிக்கவும் ஆகும் நேரத்தையும் சேர்த்தால், கிட்டத்தட்ட 5 நிமிடம் இழப்பு. ரயில் எங்கும் நிற்கவில்லை, பயணிக்கு எதுவும் தெரியாது. இப்படி 8 இடங்கள் இருந்தால் 40 நிமிடம் போயிருக்கும்.

வெயிலும் பனியும் இதே வேலையைச் செய்கின்றன. 1 கிலோமீட்டர் தண்டவாளம் 30 டிகிரி கூடுதலாகச் சூடானால், தடையில்லாமல் விட்டால் சுமார் 35 செ.மீ. நீளும். பற்றவைத்து இறுக்கிய தண்டவாளத்தால் அப்படி நீள முடியாது, அந்த விசை உள்ளேயே தேங்கி, வளைந்துவிடும் அபாயம் இருக்கிறது. அதனால் கடும் வெயிலில் வேகத்தைக் குறைக்கிறார்கள். மூடுபனியில் சிக்னல் தெரியாமல் மெதுவாகப் போகிறார்கள்.

விட்ட நேரத்தைப் பிடிக்க முடியாதா?

கொஞ்சம் முடியும். அட்டவணை போடும்போதே ஓட்ட நேரத்தோடு கூடுதலாகச் சில நிமிடங்களைச் சேர்த்து வைப்பார்கள். அதற்கு மீட்பு நேரம் என்று பெயர். கடைசி ஸ்டேஷனுக்கு முந்தைய கொஞ்ச தூரத்துக்கு அட்டவணையில் விசித்திரமாக அதிக நேரம் போட்டிருப்பதைக் கவனித்திருக்கலாம். வழியெல்லாம் தாமதமாக வந்த ரயில் முடிவில் மட்டும் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்வது அதனால்தான். இதையும் தாராளமாகச் சேர்க்க முடியாது. சேர்த்தால் எந்தத் தடங்கலும் இல்லாத நாளிலும் பயணம் நீளும், பிளாட்பாரங்களும் கூடுதல் நேரம் அடைபட்டுக் கிடக்கும்.

வேகமாக ஓட்டிப் பிடிப்பது நாம் நினைக்கும் அளவுக்குப் பலன் தராது. அட்டவணை 100 கிலோமீட்டர் வேகத்துக்குப் போட்டிருக்கிறது, அனுமதித்த உச்ச வேகம் 110 என்று வைத்துக்கொள்வோம். 300 கிலோமீட்டர் முழுக்க 110-இல் ஓட்டினாலும் மிச்சமாவது சுமார் 16 நிமிடம். அதற்கு 300 கிலோமீட்டரிலும் எல்லா சிக்னலும் பச்சையாக இருக்க வேண்டும்.

ஏன் தொலைதூர ரயில்கள்தான் அதிகம் மாட்டுகின்றன?

ஒவ்வொரு 100 கிலோமீட்டரிலும் குறிப்பிடத்தக்க தாமதம் வர 10 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 300 கிலோமீட்டர் ஓடும் ரயிலுக்கு எங்காவது ஓரிடத்தில் மாட்டும் வாய்ப்பு 27 சதவீதம். 2,000 கிலோமீட்டர் ஓடும் ரயிலுக்கு 88 சதவீதம். இரண்டையும் ஒரே திறமையோடு நடத்தினாலும் இப்படித்தான் ஆகும்.

தூரம் கூடினால் கடக்கும் ஜங்ஷன்களும், கைமாறும் கண்ட்ரோலர்களும் கூடுகிறார்கள். பெரிய நகரங்களின் நெரிசல் நேரத்தில் உள்ளே நுழைய வேண்டிய கட்டாயமும் வரும். புறநகர் ரயில்கள் நிரம்பி ஓடும் காலை நேரத்தில் வந்து சேரும் தாமதமான தொலைதூர ரயிலுக்குப் பிளாட்பாரம் காலியாக இருக்காது. அதனால் அவுட்டரில், அதாவது ஸ்டேஷனுக்கு வெளியே உள்ள சிக்னலில், நின்று தவம் கிடக்க வேண்டியதுதான்.

அப்புறம் ரேக். ஒன்றாகக் கோத்து ஓடும் பெட்டிகளின் தொகுப்புக்கு ரேக் என்று பெயர். வந்து சேர்ந்த ரேக்கைச் சுத்தம் செய்து, தண்ணீர் நிரப்பி, பிரேக்கைச் சோதித்து, அதையே திரும்ப அனுப்புவார்கள். 4 மணி நேரம் தாமதமாக வந்த ரேக், சோதனையைக் குறுக்கவும் கூடாது என்பதால், கிளம்பும்போதே தாமதமாகக் கிளம்பும். நேற்றைய தடங்கல் இன்றைய பயணிக்கு வந்து சேர்வது இந்த வழியில்தான்.

நேரத்துக்கு ஓடும் ரயில்கள் என்ன செய்கின்றன?

ஜப்பானில் டோக்கியோ–ஒசாகா இடையிலான டோக்கைடோ ஷிங்கான்சென் என்ற அதிவேக ரயில் பாதை 1964 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. பல ஆண்டுகளில் அதன் சராசரித் தாமதம் ஒரு ரயிலுக்கு ஒரு நிமிடத்தை ஒட்டியே இருந்திருக்கிறது. ஊழியர்களின் ஒழுங்கைத்தான் எல்லாரும் புகழ்கிறார்கள். புகழ வேண்டியதும்தான். ஆனால் பாதையைப் பாருங்கள்: ஷிங்கான்சென்னுக்கு மட்டுமேயான தனித் தண்டவாளம், சரக்கு ரயில் இல்லை, லெவல் கிராசிங் இல்லை, ஓடும் ரயில்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வேகம். இந்தக் கட்டுரையில் பார்த்த தொல்லைகளில் பாதிக்கு மேல் அங்கே பிறக்கவே வாய்ப்பில்லை.

இதையே மறுபக்கத்திலிருந்தும் செய்யலாம், சரக்கு ரயில்களுக்குத் தனிப் பாதை கொடுத்து. இந்தியாவின் கிழக்கு சரக்குத் தடம் லூதியானாவிலிருந்து சோன்நகர் வரை 1,337 கிலோமீட்டர் நீளம். சரக்கு ரயில்கள் அதற்கு மாற மாற, பழைய பாதையில் காலியிடம் உண்டாகிறது. என் கருத்தில், புதிய ரயில் அறிவிப்புகளைவிட இப்படிப்பட்ட பாதை வேலைகளைத்தான் நாம் ஆவலோடு கவனிக்க வேண்டும். லூப் லைனை நீட்டுவது, ஒற்றைப் பாதையை இரட்டையாக்குவது, ஜங்ஷனில் ஒரு பாதையை மேம்பாலமாகக் கொண்டுபோவது எல்லாம் செய்தியில் பெரிதாக வராத வேலைகள்.

ஒரு நாட்டோடு இன்னொரு நாட்டை ஒப்பிடும்போது அளவுகோலையும் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் 6 நிமிடத்துக்குக் குறைவான தாமதம் 'நேரத்துக்கு வந்தது' என்றே கணக்காகிறது, முழுக்க ரத்தான ரயில் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. கடைசி ஸ்டேஷனில் மட்டும் பார்ப்பதா, வழியில் உள்ள ஸ்டேஷன்களிலும் பார்ப்பதா என்பதும் எண்ணை மாற்றிவிடும்.

அடுத்த முறை ரயில் நடுவழியில் நின்றால்

ஜன்னல் வழியே பக்கத்துத் தண்டவாளத்தைப் பாருங்கள். நிற்பதற்குச் சற்று முன்னால் ரயில் பக்கவாட்டில் லேசாக ஆடித் தடம் மாறியிருந்தால், நீங்கள் லூப் லைனில் இருக்கிறீர்கள். முந்தப்போகும் ரயிலோ எதிரே வரும் ரயிலோ ஒன்று சீக்கிரம் தெரியும். ஆட்டமே இல்லாமல் நேராக வந்து நின்றிருந்தால், பெரும்பாலும் முன்னால் உள்ள பிளாக்கில் யாரோ இருக்கிறார்கள். அவர்கள் அங்கே நிற்பதற்கும் ஒரு காரணம் இருக்கும், அது அவர்களுக்கும் முன்னால் எங்கோ இருக்கும்.